ஒரு மலைக்குப் பெயர் வைத்தேன்

நான் ஒரு மலைக்குப் பெயர் வைத்தவன். இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா மேடையில் தலைமையாசிரியர் சொன்னார். ஒலிபெருக்கி வைத்துச் சொன்னதால் கடைத்தெரு வரைக்கும் கேட்டிருக்கும். "நம் கல்வராயன் மலையில் பெயரற்றுக் கிடந்த ஒரு சிகரத்துக்குத் தம் நாவலின் மூலம் 'சந்திரகூடம்' என்று நாமகரணம் செய்தவர்" என்று அவர் முடித்ததும் பிள்ளைகள் கை தட்டினார்கள். சால்வையின் கதகதப்பில் நானும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் தோன்றவில்லை.

விழா முடிந்து டீயும் பிஸ்கோத்தும் ஆனபின், பிள்ளைகள் வைத்திருந்த கண்காட்சிக்கு அழைத்துப் போனார்கள். ஓர் அறையின் சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை ஆணியடித்து மாட்டி, ஓரத்தை மையால் வரைந்து, அண்டார்க்டிகா என்று எழுதியிருந்தார்கள். யாருடைய யோசனையோ தெரியவில்லை. அந்த பூமிக்கு அதைவிடப் பொருத்தமான படம் இருக்க முடியாது. பக்கத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பிரம்பை வைத்துக்கொண்டு நின்றாள். மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறவள்.

மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள் என்று சொல்லிவிட முடியாது. இந்தியாவின் முதல் குழு 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கப்பலேறியது. 1982 ஜனவரியில் அந்தப் பனியில் கால் வைத்தது. அடுத்து 'தட்சிண கங்கோத்ரி' என்று ஒரு நிலையம் கட்டினார்கள். அதைப் பனி மெல்ல மெல்ல மூடிவிட்டது. பிறகு 1989-ல் 'மைத்ரி', 2012-ல் 'பாரதி'. மைத்ரி இருப்பது பாறைத் தரையில். பனிக்கு நடுவே பனியில்லாமல் கிடக்கும் அந்தக் குன்றுவெளிக்கு ஷிர்மாக்கர் என்று பெயர். 1939-ல் ஜெர்மன் குழுவின் விமானம் ஒன்று அதன் மேலே பறந்தது; ஓட்டியவர் பெயர் ஷிர்மாக்கர். அவ்வளவுதான் சம்பந்தம். அங்கே உள்ள ஓர் ஏரிக்கு நம்மவர்கள் 'பிரியதர்சினி' என்று வைத்திருக்கிறார்கள்.

"இது சின்ஹா சிகரம்" என்று பிரம்பை இன்னொரு மூலைக்கு நகர்த்தினாள். "பீகாரில் பிறந்த விஞ்ஞானி. அமெரிக்கக் குழுவோடு போய் 1971, 72-ல் கடல்நாய், திமிங்கிலம், பறவை எல்லாம் கணக்கெடுத்தார். அதுக்காக அவர் பேரை வச்சாங்க. உயரம் 990 மீட்டர்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நம்ம மலையில அதைவிட உயரமான இடம் இருக்குங்க சார்" என்றாள்.

எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. வாலைப்போல் நீண்டிருந்த ஒரு தீபகற்பத்தைக் காட்டி, "இதற்கு என்ன பெயர்?" என்றேன்.

"எந்த நாட்டுக்காரங்க வச்ச பேர் வேணும் சார்?"

கேலியில்லை, உண்மையாகவே கேட்டாள். அந்த ஒரு துண்டு நிலத்தை ஆங்கிலேயர் கிரகாம் என்றார்கள். அமெரிக்கர் பாமர் என்றார்கள். சிலி நாட்டார் தங்கள் விடுதலை வீரர் ஓ'ஹிக்கின்ஸின் பெயரால் அழைத்தார்கள். அர்ஜெண்டினாக்காரர்கள் தங்கள் வீரர் சான் மார்ட்டினின் பெயரால் அழைத்தார்கள். 1964-ல்தான் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் சமாதானமாகி, அண்டார்க்டிகத் தீபகற்பம் என்று யாருக்கும் நோகாத ஒரு பெயரை ஒப்புக்கொண்டார்கள். குடியிருப்பவன் என்று ஒருவனும் இல்லாத பூமி. "இதற்கு என்ன பேரப்பா?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. போனவன் வைத்ததே பெயர். போனவர்கள் பலரானால் பெயரும் பல.

"நானும் உங்கள் பக்கத்தில் ஒரு மலைக்குப் பெயர் வைத்திருக்கிறேன், தெரியுமோ?" என்றேன். பெருமையை அடக்கத் தெரியாத வயது இன்னும் எனக்குக் கழியவில்லை.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். தலைமையாசிரியர் அடுத்த அறைக்குப் போய்விட்டிருந்தார். "தெரியும் சார். அது எங்க ஊருக்கு அடுத்த ஊருதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அதுக்கு முன்னாடியே பேர் இருக்குங்க சார்" என்றாள்.

அந்தப் பெயர் வைத்த கதையை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். எனக்கு இருபத்து மூன்று வயது. முதல் நாவலை எழுதிக்கொண்டிருந்தேன். அதன் கடைசி அத்தியாயத்தில் நாயகன் ஒரு சிகரத்தின்மேல் நின்றுகொண்டு முழு நிலவைப் பார்த்தாக வேண்டும். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் என் நண்பன் ஆசிரியராக இருந்தான். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மேலேறி, அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. எதிர்த்த திண்ணையில் எழுபது வயதிருக்கும் ஒரு பெரியவர் கடுக்காய் கொட்டி வைத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் தலைக்குப் பின்னால் தனியாக நின்றது அந்தக் கரடு. அதன் தோளில் நிலவு ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதே கடைசி அத்தியாயம் முடிந்துவிட்டது; பெயர் ஒன்றுதான் பாக்கி.

"பெரியவரே, அது என்ன மலை?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதுவா? அது சும்மா ஒரு கரடு, தம்பி" என்றார்.

மறுநாள் விடியுமுன் முதல் ஜீப்பில் இறங்கி வந்துவிட்டேன். ஊருக்கு வந்து சர்வே வரைபடத்தையும் பார்த்தேன். கடமையில் குறை வைக்கவில்லை. 1802-ல் பரங்கிமலைப் பக்கத்தில் லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய வேலை, நம் நாட்டில் ஒரு மேட்டைக்கூட விட்டுவைக்கவில்லை என்பார்கள். விட்டுவைக்கவில்லைதான், ஆனால் என் கரட்டுக்கு அதில் கிடைத்தது உயரத்தைக் குறிக்கும் ஓர் எண் மட்டும். வரைபடத்தில் பெயரில்லை, ஊர்க்காரரும் சும்மா கரடு என்கிறார், பிறகென்ன? சந்திரகூடம் என்று எழுதினேன். மலைத்தொடரின் பெயரே கல்வராயனா, கல்ராயனா என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிற நாட்டில், ஒரு கரட்டுக்குப் பெயர் வைக்க யாரைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். நாவல் நான்கு பதிப்பு ஓடியது. சந்திரகூடத்தைத் தேடி ஜனங்கள் போக ஆரம்பித்தார்கள்.

கண்காட்சியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. முன்பு படித்த வடதுருவக் கதை ஒன்று நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. 1906-ல் ராபர்ட் பியரி என்ற அமெரிக்கர், வடதுருவக் கடலுக்கு அப்பால் தூரத்தில் ஒரு நிலத்தின் சிகரங்களைக் கண்டதாக எழுதினார். தம் யாத்திரைக்குப் பணம் கொடுத்த செல்வந்தர் ஜார்ஜ் குரோக்கரின் பெயரை அதற்குச் சூட்டினார். அந்தக் குரோக்கர் நிலத்தை அளந்து படம் போடவே 1913-ல் மக்மில்லன் என்பவர் ஒரு குழுவோடு புறப்பட்டார். 1914-ல் உறைந்த கடலின்மேல் நாய் வண்டிகளில் போனார்கள். ஒருநாள் மலை, பள்ளத்தாக்கு, பனிச் சிகரம் எல்லாம் கண்ணெதிரே தெரிந்தன. வழிகாட்டியாக வந்த அந்த மண்ணின் மனிதர், பியூகாடொக் என்பவர், அது நிலமல்ல, வெறும் மூடுபனி என்றார். அவர் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள மனமில்லாமல் நாள்கணக்கில் துரத்திக்கொண்டு போனார்கள். பொழுது சாயச் சாய மலைகள் இடம் மாறின; கடைசியில் கரைந்தே போயின. அங்கே கடலைத் தவிர ஒன்றுமில்லை. பியரி அந்த நிலத்தைக் கண்டதாகச் சொன்ன நாளில், அவருடைய நாட்குறிப்பில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை என்று பிற்காலத்தில் தெரிந்தது.

இதோடு கதை முடிந்திருந்தால் சிரித்துவிட்டுத் தூங்கியிருப்பேன். திரும்பும் வழியில் அந்தக் குழுவில் இருந்த கிரீன் என்பவர் பியூகாடொக்கைச் சுட்டுக் கொன்றுவிட்டார். அவருடைய ஜனங்களிடம், பனிச்சரிவில் இறந்துவிட்டார் என்று சொல்லி மூடிவிட்டார்கள். எந்தக் கோர்ட்டும் விசாரிக்கவில்லை. இல்லாத நிலத்துக்குப் பெயர் இருந்தது. அது இல்லை என்று சொன்ன மனிதனின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் யாரையும் சுடவில்லைதான். ஆனாலும் மறுவாரம் மலைக்குப் புறப்பட்டேன்.

கச்சிராயபாளையத்தில் ஏறிய ஜீப்பை ஓட்டியவன் மலைக்காரப் பையன். பாதி வழியில் வண்டியை நிறுத்தி, "எல்லாரும் பார்த்துக்குங்க, சந்திரகூடம்! சினிமாவுல வந்த இடம்!" என்று கூவினான். சினிமாவில் வரவில்லை; அது அவனுடைய கற்பனை. நான் அவனைத் திருத்தவில்லை. திருத்த எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

என் நண்பன் மாற்றலாகிப் போய்ப் பல வருஷம் ஆகிறது. எதிர்த் திண்ணை மட்டும் அப்படியே இருந்தது. பெரியவர் காலமாகிவிட்டார், அவருடைய மகள் இருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சாமையை முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னேன். என் நாவலை அவள் படித்ததில்லை, கேள்விப்பட்டிருந்தாள்.

"அந்தக் கரட்டுக்குப் பேர் என்னம்மா?"

முறம் நின்றது. மேற்கே பார்த்தாள். வெயில் இறங்கிவிட்டிருந்தது. "காலையில சொல்றனே சார்" என்றாள்.

"ஏன்?"

"எங்கப்பா பொழுது சாஞ்சா அந்தப் பேரைச் சொல்ல மாட்டாரு. எனக்கும் வாயில வராது."

பெயரைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னாள். ஜாகீர்தார்களிடம் மலை இருந்த காலம். 1976-ல்தான் அது அவர்கள் கையை விட்டுப் போயிற்று. ரோடு கிடையாது. நோயாளிக்குத் தூளி கட்டி, மூங்கிலில் கோத்து, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்துக் கீழே கொண்டுபோக வேண்டும். அந்தக் கரட்டின் அடியில்தான் முதல் தோள் மாற்றுவது. இறக்கிவைத்த தூளியை மறுபடி தூக்க வேண்டிய அவசியமில்லாமல் போனதும் பல தடவை உண்டு. பெரியவருக்கு அப்போது பத்து வயது. அவருடைய தாய்க்குப் பிள்ளைப்பேறு சிக்கலாகிவிட்டது. இவர் பந்தம் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். தூளியை இறக்கினார்கள், தண்ணீர் கேட்டாளாம். இவர் சுனைக்கு ஓடிப்போய் முகர்ந்துகொண்டு வந்தபோது பெரியவர்கள் பந்தத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அதுலேர்ந்து அவருக்கு அது 'சும்மா கரடு'தான் சார், ராத்திரியில. விடிஞ்சு கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பாரு. அவருதான் எங்க எல்லாருக்கும் அந்தப் பேரைச் சொல்லிக் குடுத்தவரு."

விடிவதற்கு முன்னால் ஜீப்பைப் பிடிக்க அன்று எனக்கு அப்படி என்ன அவசரம் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். கையில் பாதி நாவலும் பத்து ரூபாயும் வைத்திருந்த ஆளுக்கு ஊரில் ஒரு வேலையும் கிடையாது.

கடைசி ஜீப் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அன்றிரவு அந்தத் திண்ணையிலேயே படுத்தேன். அவள் சாமைச் சோறும் புளிக்குழம்பும் போட்டாள். எதிரே கரடு இருந்தது. அமாவாசை கிட்டத்தில் இருந்ததால் அதன்மேல் நிலவு எதுவும் ஏறவில்லை.

காலையில், கிழக்கு நன்றாக வெளுத்தபின், சொன்னாள். நான் எழுதிக்கொண்டு படித்துக் காட்டினேன். இல்லை என்று தலையசைத்தாள். ஓர் எழுத்தைக் குறிலாக்கிவிட்டேனாம். அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். அதிலும் ஏதோ குறை. மூன்றாம் முறைதான் சம்மதித்தாள். பத்திரிகையில் எழுதட்டுமா என்று கேட்டேன். "பகல்ல படிக்கிறவங்களுக்கு எழுதுங்க" என்றாள்.

இந்த இதழ் எந்த வேளையில் உங்கள் கைக்கு வருமோ எனக்குத் தெரியாது. விளக்கு வைத்தபின் படிக்கிறவர்களும் உங்களில் இருப்பீர்கள். அதனால் அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. போகிறவர்கள் காலை நேரத்தில் போய்க் கேளுங்கள், சொல்வார்கள்.

இறங்கும்போது அதே ஜீப், அதே பையன். முன் சீட்டில் உட்கார்ந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி அந்தப் பெயரைச் சொன்னேன். பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தெரியும் சார்" என்றான். "எங்க ஆயாவையும் அங்கதான் இறக்குனாங்களாம்."

"பிறகு ஏன் சந்திரகூடம் என்று சொல்கிறாய்?"

"அந்தப் பேரைக் கேட்டாத்தானே சார் வண்டியில ஏறுறாங்க?"

நான் பேசவில்லை. வண்டி வளைவில் திரும்பியது. பின்னால் ஒரு குழந்தை, "சந்திரகூடம் எங்கே? எங்கே?" என்று அதன் அம்மாவைப் போட்டுப் பிடுங்கியது. பையன் என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டினான்.