வீடெங்கும் பாட்டு, ஐயாயிரம் ரூபாய்க்குள்

வீடு முழுக்கப் பாட்டு கேட்க வேண்டும், திண்ணையில் உட்கார்ந்தாலும் கேட்க வேண்டும், பின்னால் செடிக்குத் தண்ணீர் விடும்போதும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படாதவர்கள் குறைவு. ஆசை வந்தவுடன் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: இருப்பதிலேயே பெரிய ஸ்பீக்கராகப் பார்த்து வாங்கி, கூடத்தில் வைத்து, தெருவுக்கே கேட்கும்படி அலறவிடுவது! காசும் போகும், பக்கத்து வீட்டு நட்பும் போகும். குமாரபாளையத்தில் ஒரு வீட்டில் இரண்டுமே போகப் பார்த்தது.

அந்த வீட்டுப் பெரியவர் முப்பது வருடம் விசைத்தறி ஓட்டியவர். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது, கையைக் காட்டித்தான் பேசிக்கொள்ள வேண்டும். அந்தச் சத்தத்தில் வருடக்கணக்காக இருந்தால் உட்காதில் உள்ள நுண்ணிய மயிர் செல்கள் அழிந்துவிடும். அழிந்தவை மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. இப்படிக் காது கெடும்போது பெரும்பாலும் முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து மேல் ஒலிகள். ச, ட, த போன்ற வல்லின எழுத்துகளின் தெளிவு இந்த மேல் ஒலிகளில்தான் இருக்கிறது. அதனால் பெரியவருக்கு மெட்டு கேட்கும், வார்த்தை புரியாது. புரியவில்லையே என்று சத்தத்தைக் கூட்டுவார். பெட்டியோ 'தும் தும்' என்ற அடிச் சத்தத்தைத்தான் அதிகமாகக் கொடுக்கும்.

பக்கத்து வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு. ஒரு நாள் மாலை அவளுடைய அம்மா மதில் ஓரமாக வந்து நின்றார்.

"அண்ணா, பாப்பாவுக்குப் பரீட்சைங்க. கொஞ்சம் சவுண்டைக் கொறைச்சு வெச்சுக்கோங்க."

"எனக்கே கேக்கறதில்ல, உங்களுக்கு மட்டும் எப்படிம்மா கேக்குது?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அது கேலியாகப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து மதில் மேல் கைமாறிக்கொண்டிருந்த குழம்புக் கிண்ணம் நின்றுபோனது. கொஞ்ச நாளில் பெரியவர் பெட்டியையே போடுவதை விட்டுவிட்டார். திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருந்தவர்களுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

மகன் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் மாணவன். அவனுக்கும் முதலில் தோன்றியது இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபயர்தான். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறைகிறது. அங்கே ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. ஒரு மீட்டரில் 1 வாட் தருகிற அதே சத்தம் எட்டு மீட்டரில் வேண்டுமென்றால் 64 வாட் வேண்டும்! ஆக, குறை ஆம்ப்ளிஃபயரில் இல்லை, தூரத்தில் இருந்தது. ஒரு பெரிய வாய்க்குப் பதில் நாலு சின்ன வாய், ஒவ்வொன்றும் காதுக்குப் பக்கத்தில். அவ்வளவுதான் சூத்திரம்.

பெரிய பெட்டியை விற்றான். ஈரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, டிபிஏ3116 சில்லு வைத்த சின்ன ஆம்ப்ளிஃபயர் பலகை ஒன்றை 600 ரூபாய்க்கு வாங்கினான். அது 4.5 வோல்ட்டிலிருந்து 26 வோல்ட் வரை எதிலும் ஓடும். செத்துப்போன லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் வீட்டிலேயே கிடந்தது. பழைய எட்டு ஓம் பெட்டி ஸ்பீக்கர் மூன்று 1,500, மழைக்குத் தாங்கும் பிளாஸ்டிக் கூம்பு வைத்த ஸ்பீக்கர் ஒன்று 900, நாற்பது மீட்டர் ஒயர் 1,400, சுவிட்சும் கிளிப்பும் 350. மொத்தம் 4,750 ரூபாய்.

ஒயரில் கஞ்சத்தனம் கூடாது. பின்கட்டு வரை இருபது மீட்டர் என்றால், போக வர நாற்பது மீட்டர் செம்பு. கால் சதுர மில்லிமீட்டர் ஒயரைப் போட்டால் ஏறக்குறைய கால்வாசி சக்தி ஒயரிலேயே வீணாகும். ஒன்றரை சதுர மில்லிமீட்டர் போட்டால் வீணாவது நூற்றுக்கு ஐந்து சொச்சம்தான்.

அடுத்தது இணைப்பு. எட்டு ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்க இணைப்பில் போட்டால் நாலு ஓம் ஆகும். அந்தப் பலகை அதைத் தாங்கும். நாலையும் ஒரே பக்கத்தில் தொங்கவிட்டால் இரண்டு ஓம் ஆகிச் சூடேறும். அதனால் இடது வாயில் ஆசாரமும் சமையலறையும், வலது வாயில் திண்ணையும் பொடக்காளியும். (பொடக்காளி என்றால் கொங்குப் பக்கத்தில் வீட்டின் பின்புறம்.) ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச். ஆள் இல்லாத இடத்தில் அணைத்துவிடலாம்.

போட்டுப் பார்த்தால் ஒரு கோளாறு. சமையலறையில் வயலின் கேட்கிறது, திண்ணையில் கேட்கவே இல்லை! ஸ்டீரியோ பாட்டின் ஒரு பாதி ஒரு இடத்துக்கும் மறுபாதி வேறு இடத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. போனின் அமைப்பில் மோனோ என்று மாற்றியதும் எல்லா இடத்திலும் முழுப் பாட்டு வந்துவிட்டது.

வெளியே மாட்டும்போது மூன்று விஷயம் கவனித்தான். 230 வோல்ட் மின்சாரம் வீட்டுக்குள்ளேயே நின்றது, வெளியே போனது ஸ்பீக்கர் ஒயர் மட்டும். ஒயர் சுவருக்குள் நுழையும் முன் கொஞ்சம் கீழே தொங்கி வளைந்து ஏறும்படி விட்டான். மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே வராது. மூன்றாவதுதான் முக்கியம். ஸ்பீக்கரைப் பக்கத்து வீட்டு மதிலிலேயே கம்பி அடித்து, முதுகு அவர்கள் பக்கமும் முகம் தன் வீட்டுப் பக்கமுமாக, அப்பா உட்காரும் கல்லுக்கு ஒரு மீட்டர் தள்ளி, தாழ்வாக மாட்டினான்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் அளவு. தனியார் ஒலிப்பெருக்கி தன் எல்லையில் அதற்கு மேல் 5 டெசிபலுக்கு மிகக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. அதை நினைத்துத்தான் மதிலில் கம்பி அடிக்கும் முன் மகன் போய் அனுமதி கேட்டான். "அப்பாவுக்குக் காது கொறஞ்சு போச்சுங்க அக்கா, அதான் அன்னிக்கு அப்படிச் சொல்லிட்டாருங்க" என்றான். "முன்னமே சொல்லக் கூடாதா சாமி" என்று கேட்டார் அவர்.

முதல் நாள் பெரியவர் கல்லில் உட்கார்ந்தார். மகன் அடிச் சத்தத்தைக் குறைத்து, மேல் ஒலியைக் கொஞ்சம் கூட்டி, ஒரு பழைய பாட்டைப் போட்டான். பாதிப் பாட்டில் பெரியவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"இந்த எடத்துல இந்த வார்த்தையா வருது? நான் இத்தன நாளா வேற என்னமோ பாடிட்டு இருந்தனே!"

எல்லோரும் சிரித்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கமும் ஒரு சிரிப்புக் கேட்டது.

காது திரும்பி வந்துவிடவில்லை. அதற்கு ஸ்பீக்கர் மருந்தல்ல. காது மருத்துவரிடம் காட்டிப் பரிசோதித்து, காதுக் கருவிக்கு மாதாமாதம் பணம் சேர்த்து வருகிறார்கள். ஆனால் பாட்டு மறுபடி ஓடுகிறது, குழம்புக் கிண்ணமும் மதிலேறுகிறது. கேட்காதவரிடம் கத்திப் பேசுவதைவிடப் பக்கத்தில் போய்ப் பேசுவது நல்லது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பழக்கம்தான். ஸ்பீக்கருக்கும் அதே பழக்கம்தான் பொருந்துகிறது!