ஆயக்கட்டில் இல்லாதவர்கள்

அவனியாபுரத்தில் எதையும் கைமாற்றிக் கொடுப்பது லேசில்லை. ஜல்லிக்கட்டை யார் நடத்துவது என்ற தகராறு உயர் நீதிமன்றக் கிளை வரை போய், 2020-இல் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் காளைகளை அவிழ்த்துவிட்ட ஊர் இது. கண்மாய் விஷயத்தில் அந்த வம்பில்லை, ஆனால் பொறுப்பு கைமாறுவது அங்கேயும் லேசில்லை.

அந்தக் காலத்தில் முறைவைத்து மடை திறக்க நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருந்தார். அறுவடைக் களத்திலேயே அவருக்கு நெல் அளந்துவிடுவார்கள். அவருக்குப் பின் மகன். வயல் இருந்தவரை அந்த வரிசை அறுபடவில்லை. 2011-இல் ஊர் மதுரை மாநகராட்சியோடு சேருமுன்பே வயல்கள் பிளாட் ஆகத் தொடங்கிவிட்டன.

இப்போது கண்மாய்க்காக அலைகிறவர்கள் ஒரு சென்ட் நஞ்சைகூட இல்லாத பிள்ளைகள். பக்கத்து அயன்பாப்பாக்குடிக் கண்மாயில் கழிவுநீர் கலந்து, மழைக்காலத்தில் மறுகால் தண்ணீர் நுரையாகச் சாலைக்குப் பறந்து வருவதைப் பார்த்தவர்கள். சீமைக்கருவேலத்தைத் தூரோடு தோண்டாவிட்டால் மறுபடி துளிர்க்கும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. செயற்கைக்கோள் படத்தைப் போனில் பெரிதாக்கி, வரத்துக்கால் எந்தச் சுவருக்குள் காணாமல் போகிறது என்று காட்டுகிறார்கள். சுவர் கட்டியவர் எங்கள் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு மாமன் மச்சான் முறை. பிள்ளைகளுக்கு அந்தத் தாட்சண்யம் இல்லை. என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய தகுதி வேண்டாம்.

ஆனால் பாசனத்தை விவசாயிகளே நிர்வகிக்க 2000-இல் தமிழ்நாட்டில் வந்த சட்டப்படி, நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் ஆயக்கட்டில், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் பரப்பில், நிலம் உள்ளவருக்குத்தான் ஓட்டு. போர் போட்டு உறிஞ்சும் வீடுகளுக்குக் கண்மாயில் பேச்சு இல்லை.

இயற்கை விவசாயம் பரப்பிய நம்மாழ்வார் வழியில் வந்த நெல் ஜெயராமன், பாரம்பரிய விதை கொடுக்கப் பட்டா எதுவும் கேட்கவில்லை. இரண்டு கிலோ விதை நெல் வாங்கினால் அடுத்த ஆண்டு நான்கு கிலோ திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். 2006-இல் ஆதிரெங்கத்தில் தொடங்கிய நெல் திருவிழா வழியாக 174 பாரம்பரிய ரகங்கள் அப்படித்தான் மீண்டன. 2018-இல் அவர் மறைந்த பிறகும் அந்த நெல் கைமாறிக்கொண்டிருக்கிறது.

எங்கள் பெரியவர்கள் மண்வெட்டியைக் கொடுப்பார்கள், கணக்கு நோட்டைத் தர மாட்டார்கள். போன கூட்டத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி கேட்டேவிட்டாள்: "மரக்கன்னு நடக் கூப்பிடுறீங்க பெரியப்பா, கலெக்டர் ஆபீசுக்கு மட்டும் நீங்களே போயிட்டு வந்துர்றீங்க."

"நீ ஆயக்கட்டுல வரமாட்டியேம்மா."

"எங்க வீட்டு போர்ல சாக்கடை வாடை அடிக்குதே, அது எந்த ஆயக்கட்டு?"

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதும் வேலை இப்போது அவளிடம். பழைய மடை எங்கே இருந்தது என்று கேட்டால் நாங்கள் சொல்லலாம்.