விளக்கு இங்கே, சாம்பல் அங்கே

கரமனை ஆற்றங்கரை அக்ரஹாரத்தில் போன மின்சாரம் திரும்பி வந்தது. திண்ணையில் இருந்த ஓய்வுபெற்ற பொறியாளரிடம் பேரன் கேட்டான்: "நம்ம கரண்ட் எங்கேர்ந்து தாத்தா வரது?"

"கொஞ்சம் இடுக்கித் தண்ணிலேர்ந்து. நிறைய, வெளியூர்க் கரிலேர்ந்து."

"அப்போ சாம்பல்?"

அவர் சட்டென்று பதில் சொல்லவில்லை. வடக்கே ஓர் அனல்மின் நிலையத்தில் பல வருடங்கள் அவர் பார்த்த வேலையே சாம்பல்தான்.

கேரளத்தில் நிலக்கரி மின்நிலையம் கிடையாது. ராமகுண்டத்திலும் தால்ச்சரிலும் எரிகிறது. விளக்கு இங்கே எரிகிறது. இந்திய நிலக்கரியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். அதைத் தண்ணீரில் கலந்து குழாய் வழியே குளத்துக்கு அனுப்புகிறார்கள். மேற்பரப்பு காய்ந்து வெடிக்கும். அடியில் வருடக்கணக்கில் சேறு. குளம் நிரம்பினால், பல இடங்களில் அந்தச் சாம்பல் மேலேயே அடுத்த கரையை எழுப்புவார்கள். அப்படி ஒரு கரைக்கு அவரும் கையெழுத்திட்டார். முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும் என்று எழுதிக் கேட்டார். "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்றார்கள். மாற்றல் வந்துவிட்டது.

2008 டிசம்பர் 22 நள்ளிரவுக்குப் பின் அமெரிக்காவின் கிங்ஸ்டனில் கரை சரிந்து 40 லட்சம் கன மீட்டருக்கு மேல் சாம்பல் சேறு ஊருக்குள்ளும் ஆற்றிலும் பாய்ந்தது. 2020 ஏப்ரல் 10 அன்று மத்தியப் பிரதேசத்தின் சாசனில் கரை உடைந்தது. குழந்தைகள் உட்பட 6 பேர் பலி. அன்று பழைய சகா ஒருவருக்கு அவர் போன் செய்தார். கேட்டது ஒன்றே: "நம்ம கரை?"

வழி இல்லாமல் இல்லை. செங்குத்தாகக் கிணறு தோண்ட, கனத்த இயந்திரம் சேற்றின் மேல் நிற்க வேண்டும். கிடைமட்டக் கிணற்றுக்கு அது தேவையில்லை. வெளியே கெட்டித் தரையில் நின்று, வளைந்து போகும் துளைப்பானைக் குளத்தின் அடிவரை செலுத்தி, துளையிட்ட குழாயைப் பதித்துவிடலாம். ஒரே குழாய் நீண்ட தூரத்துக்குத் தண்ணீரை வாங்கும். மாவு போன்ற சாம்பல் துளைகளை அடைக்காதபடி வடிகட்டி வேண்டும். வடிந்த நீரில் ஆர்சனிக் போன்றவை இருக்கக்கூடும். சுத்திகரிக்காமல் ஆற்றில் விடக்கூடாது.

பேரனுக்கு அவர் காசர்கோட்டை உதாரணம் காட்டினார். அங்கே செம்பாறைக் குன்றுகளில் ஆள் நுழையும் அளவுக்குப் பக்கவாட்டில் 'சுரங்கம்' குடைந்திருக்கிறார்கள். பம்பு இல்லாமலே தண்ணீர் வழிந்து வரும்.

"அங்கே தண்ணி குடிக்க. இங்கே, கீழே இருக்கிறவா பிழைக்க."

"உங்க கரை நிக்கறதா, தாத்தா?"

"நிக்கறது" என்றார் அவர். "தண்ணியும் உள்ளேதான் நிக்கறது."