சில்லு வைத்த வீட்டில் ஓர் இரவு

எங்களிடம் ஒரு கரவன் வேன் இருக்கிறது. பழைய நிசான் கரவன். என் கணவர் மௌத்தான பின் எனக்கென்று மிஞ்சிய சொத்து அது ஒன்றுதான். காலையிலும் பகலிலும் மருதமுனைப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும். மத்திய கிழக்குக்குப் போகும் பெண்களையும், உம்றா செல்பவர்களையும் கட்டுநாயக்காவுக்குக் கொண்டு போகும். ஓட்டுவது என் தம்பி. கணக்கு என் கையில்.

2022இல் டீசல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது எங்கள் வேனும் முற்றத்தில் நின்றது. அதன் பின் வருமானம் முன்பு போல் திரும்பவில்லை. ஒரு நாள் தம்பி சொன்னான்.

"ராத்தா, நம்மட வேனுக்குள்ள கட்டில் போட்டு, அடுப்பு வெச்சு மாத்துவமா? உல்லைக்கு வாற வெள்ளக்காரர் இப்ப அப்பிடியான வேனத்தான் கேக்காங்க."

அவனுடைய கூட்டாளி ஒருவரிடம் அப்படி மாற்றிய வேன் ஒன்று இருந்தது. மாரி மழை ஓய்ந்து, உல்லையில் வெளிநாட்டார் கூட்டம் இன்னும் சேராத நாட்கள். வேன் சும்மாதான் நிற்கிறது, இரண்டு நாளைக்குக் கொண்டு போய்ப் பாருங்கள் என்று அவர் தந்துவிட்டார். முதல் போடப் போகிறவள் நான். நானே உள்ளே சமைத்து, தூங்கிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றேன். உம்மா, பெரிய ராத்தா, என் மகள், நான், தம்பி என ஐந்து பேர் புறப்பட்டோம்.

உம்மாவின் கூடார வண்டில்

வேனைக் கண்டதும் உம்மா சிரித்தார். "இது என்ன புதினமா? நம்மட கூடார வண்டில்தானே" என்றார்.

அவர் சொன்னது சரிதான். உம்மாவின் சின்ன வயதில் வெள்ளாமை வெட்டுக் காலம் வந்தால் குடும்பமே கூடார வண்டிலில் வட்டைக்குப் போகுமாம். பானை, பாய், அரிசி, கோழி எல்லாம் வண்டிலுக்குள். பெண்கள் இருக்கும் பக்கம் சேலையால் திரை. களவெட்டியில் சூடு மிதித்து முடியும் வரை வாடியில்தான் சாப்பாடும் தூக்கமும். அதற்கும் முன்பு எங்கள் முன்னோர் தவளம் நடத்தினார்கள். தவளம் என்றால் மாட்டின் முதுகில் பொதி ஏற்றிப் போகும் வியாபாரக் கூட்டம். இந்தக் கரையின் உப்பும் கருவாடும் கண்டி மலை நாட்டுக்குப் போகும். அங்கிருந்து பாக்கு வரும். போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களில் சுமார் 4000 பேரைக் கண்டி மன்னன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். ஆக, பயணம் எங்களுக்குப் புதிதல்ல.

ஆனால் என் வாழ்க்கையை நான் எண்ணிப் பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. பிள்ளைப்பேற்றுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களை விட்டுவிடுவோம். மற்றபடி வீட்டுக்கு வெளியே நான் தூங்கிய இரவுகள் எல்லாம் ஓடிப் போய்த் தூங்கிய இரவுகள். 1990இல் பள்ளிவாசல் விறாந்தையில். 2004 டிசம்பர் 26க்குப் பின் பாடசாலை முகாமில். 2012 ஏப்ரல் 11இல் சுனாமி வருகிறது என்று அறிவித்தபோது சம்மாந்துறையில் யாரோ ஒரு வீட்டு முற்றத்தில். அன்று அலை வரவில்லை. ஆனால் நாங்கள் ஓடினோம். பாண்டிருப்பு, காரைதீவுச் சகோதரிகளைக் கேட்டாலும் இதே மாதிரி ஒரு கணக்குத்தான் சொல்வார்கள். விரும்பிப் போய் ஓர் இரவு தங்கியதாக எங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

ஒரே ரோட்டில் பல ஊர்

மருதமுனையிலிருந்து பொத்துவில் எழுபது கிலோமீற்றர் அளவில் வரும். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாக வந்து மட்டக்களப்பில் முடியும் ஏ4 வீதியின் ஒரு துண்டு இது. தறிச் சத்தம் கேட்கும் எங்கள் ஊரைத் தாண்டினால் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில். பிறகு கல்முனை நகரம், கல்முனைக்குடி, சாய்ந்தமருது. அடுத்து விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு. அதையடுத்து நிந்தவூர். முஸ்லிம் ஊர், தமிழ் ஊர் என்று மாறி மாறி வரும். யுத்த காலத்தில் இந்த ஊர்களுக்கு நடுவே இருந்த ஒவ்வொரு எல்லையும் ஒரு பயம். பஸ்ஸுக்குள் எந்த ஊர் வருகிறது என்று பார்த்து மூச்சை அடக்கிக் கொள்வோம். அந்த வீதியில் இப்போது என் மகள் ஜன்னலோரம் இருந்து வடை தின்றுகொண்டு வந்தாள்.

ஒலுவிலில் நிறுத்தித் தேநீர் வைத்தோம். 2013இல் திறந்த துறைமுகத்துக்கு வடக்கே கடல் கரையை அரித்து, தென்னைகளையும் காணிகளையும் கொண்டு போயிருக்கிறது. அக்கரைப்பற்றைத் தாண்டும்போது நுரைச்சோலை வீட்டுத் திட்டம் பற்றிப் பேச்சு வந்தது. சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக சவூதி அரேபியாவின் உதவியில் கட்டிய 500 வீடுகள். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2009 தீர்ப்புக்குப் பின் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் காடு பிடித்துக் கிடந்தன. "வீடில்லாத சனம் ஒரு பக்கம், சனமில்லாத வீடு ஒரு பக்கம்" என்றார் ராத்தா. அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ராத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய இளைய மகளைக் கடல் கொண்டு போனது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் போன அந்தக் காலையில். கடலிலிருந்து 65 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று பிறகு சட்டம் வந்தது. ராத்தாவுக்குச் சட்டம் தேவைப்படவில்லை. கடல் சத்தம் கேட்கும் இடத்தில் அவர் அதன் பின் ஓர் இரவும் தூங்கியதில்லை. உம்மாவைத் தனியே விட முடியாது என்பதால்தான் எங்களோடு வந்தார்.

வேனுக்குள் என்ன இருக்கிறது?

திருக்கோவில் தாண்டி, கோமாரி தாண்டி, அஸர் நேரத்தில் பொத்துவில் போய்ச் சேர்ந்தோம். சுனாமியில் பழுதடைந்த பாலத்துக்குப் பதிலாக 2008இல் திறந்த அறுகம்பைப் பாலத்தைக் கடந்தால் உல்லை. பாணமைப் பக்கம் இரவில் யானை வரும் என்பதால் வெளியில் நிற்காமல், தம்பிக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றின் வளவுக்குள் வேனை விட்டோம். கிணறும் வேலியும் உள்ள இடம். பெண்கள் தங்குவதற்கு அதுதான் நல்லது.

வேனைப் பற்றி நான் கவனித்ததைச் சொல்கிறேன். வாகனத்தை ஸ்டார்ட் பண்ணும் பற்றரி வேறு. விளக்குக்கும் காற்றாடிக்கும் தனிப் பற்றரி. அது ஓடும்போது சார்ஜ் ஆகும். கூரையில் சூரிய ஒளித் தகடும் உண்டு. ஆகவே இரவெல்லாம் விளக்கு எரிந்தாலும் காலையில் வண்டி கிளம்பும். காஸ் சிலிண்டர் தனிப் பெட்டியில். பெட்டியின் அடியில் வெளியே போக ஓட்டை. காஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும் என்பதால் அப்படி. 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் அடுப்பு வெடித்த செய்திகளைக் கேட்ட எங்களுக்கு இது முக்கியமாகப் பட்டது. இன்னொன்றும் தெரிந்து கொள்ளுங்கள். எந்த வேனிலும் என்ஜினை ஓடவிட்டு, ஏசி போட்டு, கண்ணாடியை மூடித் தூங்கக் கூடாது. புகையில் உள்ள நஞ்சுக்கு மணமே இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும்.

தண்ணீர்த் தொட்டி சின்னது. உம்மா வீட்டுக் குழாய் என்று நினைத்து நன்றாகத் திறந்து வுழூச் செய்தார். மகள் மீன் கழுவினாள். இஷாவுக்கு முன் தொட்டி காலி. பிறகு எல்லாரும் கிணற்றடிக்குத்தான். "வண்டிலில் பானையில் கொண்டு போன தண்ணி எங்களுக்கு ரெண்டு நாளைக்கு வரும்" என்று உம்மா எங்களையே ஏசினார்.

எனக்கு மிகவும் பிடித்தது கட்டிலும் அல்ல, அடுப்பும் அல்ல. பின்பக்கம் இருந்த சிறிய மலசலகூடம்தான். நீண்ட பயணத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. வழியில் இறங்க இடமில்லை, இருந்தாலும் உள்ளே கால் வைக்க முடியாது. கட்டுநாயக்கா வரை வாய் நனைக்காமல் வரும் பெண்களை எனக்குத் தெரியும். அன்று உம்மா பொத்துவில் வரை மூன்று முறை தேநீர் குடித்தார்.

இரவு சோறும், பாரை மீன் ஆணமும், வழியில் வாங்கிய சட்டித் தயிரும். சாப்பிட்டு முடிந்ததும் கடல் சத்தம் பெரிதாகக் கேட்கத் தொடங்கியது. ராத்தா படுக்கவில்லை. கதவோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"வேன் எந்தப் பக்கம் பாத்து நிக்குது?" என்று கேட்டார்.

"ரோட்டப் பாத்துத்தான் ராத்தா."

"திறப்பு?"

தம்பி வெளியில் பாய் போட்டுப் படுத்திருந்தான். எழுந்து வந்து திறப்பை அதன் இடத்தில் போட்டு, ஒரு முறை ஸ்டார்ட் பண்ணிக் காட்டி நிறுத்தினான். ராத்தா வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அண்டைக்கு வீடு நிண்ட இடத்திலயே நிண்டிச்சு" என்றார். "இது ஓடும்தானே."

அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய் உம்மாவின் பக்கத்தில் படுத்தார். சுபஹு பாங்கு சொல்லியும் எழும்பவில்லை. "கொஞ்சம் கிடக்கட்டும், பிறகு எழுப்புவம்" என்று உம்மா எங்களைக் கையமர்த்தினார். நாங்கள் சத்தமில்லாமல் தேயிலை ஊற்றினோம்.

காலையில் ராத்தா கடலுக்குக் கிட்டப் போகவில்லை. வளவின் வேலியில் நின்று, தோணிகள் வருவதைப் பார்த்தார். அது போதும்.

திரும்பும் வழியில் கணக்குப் பார்த்தோம். எங்கள் வேனை முழுதாக மாற்ற முடியாது. ஆசனங்களைக் கழற்றினால் பாடசாலை ஓட்டம் போய்விடும். அதுதான் அன்றாடச் சோறு. ஆனால் மடித்து வைக்கும் பலகைக் கட்டில், நுளம்பு வலை, திரை, தண்ணீர்க் கலன், மலசலகூடத்துக்கு ஒரு சிறிய கூடாரம், இவ்வளவையும் செய்யலாம். விடுமுறை நாட்களில் எங்கள் ஊர்ப் பெண்களை ஏற்றிக் கொண்டு போகலாம். வெளிநாட்டாருக்கு முன் எங்களுக்குத்தான் அது தேவை என்று எனக்குத் தோன்றியது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை.

சகோதரிகளே, இதற்குப் பெரிய வேன் வேண்டும் என்பதில்லை. நான்கு பேர் சேர்ந்து காசு போட்டால் ஒரு முச்சக்கர வண்டியில் பக்கத்து ஊர் வரை போய், சோற்றுப் பார்சலை அவிழ்த்துச் சாப்பிட்டு வரலாம். யாரும் விரட்டாமல் போய், நாமாக நினைத்த நேரத்தில் திரும்பி வருவதுதான் முக்கியம்.

வீட்டு வாசலில் இறங்கும்போது ராத்தா தம்பியிடம் கேட்டார்.

"பாணமைக்கு எவ்வளவு தூரம், மனே?"