பிளாக் பெல்ட் வாங்கியதும் நிறுத்திவிட்டேன்... சியோல் மேட்டில் கிடைத்த பாடம்!

கங்னம் ஸ்டேஷனில் இறங்கியதும் தோழிகள் மூன்று பேரும் ஷாப்பிங் பக்கம் திரும்பினார்கள். நான் மட்டும் மேடு ஏறும் ரோட்டைப் பிடித்தேன்.

"எங்கடி போற?"

"என் சர்ட்டிஃபிகேட் வந்த இடத்தைப் பார்க்க!"

எங்கள் வீட்டு ஹாலில் அப்பா ஃப்ரேம் போட்டு மாட்டிய டேக்வாண்டோ சான்றிதழ் ஒன்று இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் வாங்கியது. அதில் அச்சாகியிருக்கும் பெயர், குக்கிவோன். வாங்கிய அடுத்த வாரமே, 'டென்த் வருது, போதும்' என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். 'அதான் பிளாக் பெல்ட் வாங்கியாச்சே' என்று நானும் விட்டுவிட்டேன். 12 வருடங்கள் ஓடிவிட்டன.

மூச்சு வாங்க மேடு ஏறினால், பாரம்பரியக் கொரிய ஓட்டுக் கூரையோடு நிற்கிறது குக்கிவோன். 1972-ல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடத்தில்தான் 1973-ல் முதல் உலக டேக்வாண்டோ சாம்பியன்ஷிப் நடந்தது. அதற்கு முன் 1940, 50-களில் கொரியாவில் 'குவான்' எனப்படும் பள்ளிகள் பல இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி ஆசான், தனிப் பாணி, தனிப் பட்டம். அந்தப் பள்ளிகளின் பட்டங்களை ஒரே அளவுகோலுக்குள் கொண்டுவந்தது இந்த இடம். தனிப் பாதையில் போன ஐ.டி.எஃப் அமைப்புக்கு மட்டும் பட்டங்களும் விதிகளும் வேறு.

உள்ளே மரத்தளம் போட்ட பெரிய கூடம். சுவரில் கொரியக் கொடி. பயிற்சி முடித்து வியர்வை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பயிற்சியாளரிடம் பேச்சுக் கொடுத்தேன். செல்போனில் இருந்த என் சான்றிதழ் போட்டோவைப் பெருமையாகக் காட்டினேன்.

"இது டான் இல்லையே, பூம்!" என்று சிரித்தார்.

15 வயதுக்குள் தேறினால் கிடைப்பது பூம். அதற்கான பெல்ட் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. 15 வயது ஆனதும் விண்ணப்பித்து அதை டானாக மாற்றிக்கொள்ள வேண்டும். என் பெல்ட்டும் பாதி சிவப்புதான். வீட்டில் எல்லோரும் பிளாக் பெல்ட் என்றே சொன்னதால், நானும் அப்படியே நம்பிவிட்டேன்!

"சரி, அதுக்கு அப்புறம்?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை.

அவர்தான் கணக்கைச் சொன்னார். முதல் டானிலிருந்து இரண்டாவதுக்குப் போக குறைந்தது 1 வருடம் காத்திருக்க வேண்டும். அடுத்தது 2, பிறகு 3, 4, 5, 6 வருடங்கள். ஏழிலிருந்து எட்டுக்கு 8. எட்டிலிருந்து ஒன்பதுக்கு 9. கூட்டினால் 38 வருடங்கள்! கொரியாவில் நிறைய குழந்தைகள் ஒன்று, ஒன்றரை வருடத்திலேயே முதல் பூம் வாங்கிவிடுகிறார்கள். அங்கே அது அரிச்சுவடி முடித்த மாதிரி. பாடம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

கூப்பிடும் முறையிலும் இதே கதைதான். நாங்கள் சென்னையில் 'மாஸ்டர்' என்று கூப்பிட்டோம். இங்கே சொல்லிக்கொடுப்பவர் 'சாபொம்-நிம்'. அந்தச் சொல்லுக்குள் ஆசிரியர், முன்மாதிரி என்ற இரண்டு பொருளும் இருக்கின்றன. பள்ளியை நடத்துபவர் 'குவான்ஜாங்-நிம்'. 'நிம்' என்பது நம் ஊர் 'அவர்கள்' மாதிரி. அதை அடுத்தவர்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'நான் குமார் அவர்கள் பேசுகிறேன்' என்று யாராவது சொல்வார்களா? அதேபோல, எவ்வளவு பெரிய டான் ஆனாலும் தன் பெயரோடு 'நிம்' போட்டுக்கொள்வதில்லை.

திரும்பும் வழியில் மஞ்சள் வேன் ஒன்று நின்றது. வெள்ளைச் சீருடையில் குட்டிக் குட்டிப் பிள்ளைகள் இறங்கினார்கள். வேன் ஓட்டிவந்தவரைப் பார்த்து, "குவான்ஜாங்-நிம்!" என்று இடுப்பை வளைத்து வணங்கிவிட்டு ஓடினார்கள். பள்ளியின் தலைவரே டிரைவர்! அவரும் தலை தாழ்த்திப் பதில் வணக்கம் சொன்னார்.

ஊருக்கு வந்ததும் பீரோவைத் திறந்தேன். பெல்ட் பத்திரமாக இருந்தது. முடிச்சுப் போடத்தான் மறந்துபோயிருந்தது. ஹாலில் தொங்கும் சான்றிதழைப் பார்த்து அம்மா, "இன்னும் எதுக்குடி அது, அதான் முடிஞ்சுபோச்சே?" என்றார்.

"இரண்டாவதுக்கு ஒரு வருஷம் காத்திருக்கணும்மா. நான் 12 வருஷம் காத்திருந்துட்டேன்" என்றேன்.

உங்கள் வீட்டுக் குழந்தை பெல்ட்டோடு வந்து நின்றால், ஃப்ரேம் போடுவதோடு விட்டுவிடாதீர்கள். 'அடுத்தது எப்போ?' என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பழைய மாஸ்டருக்கு போன் செய்துவிட்டேன். இந்த ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறார். டேக்வாண்டோ வகுப்பில் பெல்ட் வரிசைப்படிதான் நிற்க வேண்டும். முன்வரிசையா, வெள்ளை பெல்ட் குழந்தைகளோடு கடைசி வரிசையா என்பதை அவரே சொல்லட்டும்.