கதிரை தந்தவர்கள்

போன மாதம் திருகோணமலையில் இருக்கிற பள்ளிக்கூடச் சிநேகிதனோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தேன். அங்குள்ள பாலையூற்றில் வாழும், போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியரின் பழைய படங்கள், பேச்சு, பாட்டு எல்லாவற்றையும் ஊரிலேயே ஓரிடத்தில் சேர்த்து வைத்தால் என்ன என்று கேட்டேன். "கோணேசர் கோயிலை இடிச்சவங்களுக்கு நாங்கள் மியூசியம் கட்டவோ, மச்சான்?" என்றான். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

நான் இருப்பது அவுஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸின் கிறிஃபித் என்ற ஊரில். வாய்க்கால் தண்ணீரை நம்பி 1916இல் எழுந்த ஊர். இங்குள்ள திராட்சைத் தோட்டங்களுக்குப் பின்னால் வெனெத்தோவிலிருந்தும் கலாபிரியாவிலிருந்தும் வந்த இத்தாலியரின் உழைப்பு இருக்கிறது. ஊர் அருங்காட்சியகப் பூங்காவுக்குள் அவர்களுக்கென்றே ஒரு கட்டடம் உண்டு. வைன் செய்யும் கருவிகள், தோட்ட ஆயுதங்கள், குடும்பப் படங்கள். அரசனும் இல்லை, வாளும் இல்லை.

ஆனால் என் மனம் போய் நிற்பது மலைச்சரிவில் உள்ள வலேரியோ ரிச்செற்றியின் குகையில்தான். 1929இல் புயல்மழைக்கு ஒதுங்கிய அந்த இத்தாலியத் தனியன் அங்கேயே தங்கிவிட்டார். சாந்தே இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கிச் சுவர் எழுப்பினார். படி வைத்தார், தோட்டம் போட்டார், சின்னதாய் ஒரு வழிபாட்டிடமும் கட்டினார். அந்தச் சுவரில் கைவைத்துப் பார்த்திருக்கிறேன். பெரிய கற்களுக்கிடையே விரலளவு சில்லுக் கற்களைச் செருகி இறுக்கியிருக்கிறார். குடும்பமோ காணி உறுதியோ இல்லாத ஒரு மனிதன் அடுக்கிய கல்லை மாநில மரபுரிமைப் பட்டியலில் ஏற்றிப் பாதுகாக்கிறார்கள். இதற்காகவே இந்த ஊரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

எங்கள் திருகோணமலையில் சண்டையெல்லாம் யார் முதலில் வந்தது என்பதில்தான். பிறகு வந்தவர்களைப் பற்றிக் கேட்க ஆளில்லை. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள்; அந்த நோவு எனக்கும் உண்டு. அதற்காக, எங்களோடு பிறந்து வளர்ந்த பாலையூற்றுத் தச்சனிடம் போய்க் கணக்குக் கேட்பதா? நாங்கள் இருக்கிற கதிரை, உடுப்பு வைக்கிற அலுமாரி, காலில் போடுகிற சப்பாத்து, முகம் துடைக்கிற துவாய், காலையில் தின்கிற பாண், எல்லாமே போர்த்துக்கேயச் சொற்கள். எங்கள் வாயில் ஒவ்வொரு நாளும் புழங்குகிற வரலாறு இது. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் மிஞ்சியிருக்கிற பறங்கியரின் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியை லிஸ்பனிலிருந்து ஆய்வாளர் வந்து ஒலிப்பதிவு செய்தார்கள். ஊரில் அதற்கு ஓர் அறைகூட இல்லை.

இந்த நாட்டைப் புகழ்கிற வாயால் இதையும் சொல்ல வேண்டும். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் அவுஸ்திரேலியா தன் இத்தாலியர் பல்லாயிரம் பேரை எதிரிகளாகப் பார்த்தது. சுமார் 4,700 பேரை முகாம்களில் அடைத்தது. ரிச்செற்றியையும் உளவாளி என்று சந்தேகித்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். திருகோணமலை தன் பறங்கியரை முள்ளுக்கம்பிக்குள் வைத்ததில்லை. அவர்களின் கலியாண வீடுகளில் வயலின் இழுபட, கஃப்ரிஞ்ஞா ஆட்டத்தை வேலியோரம் நின்று பார்த்த பிள்ளைகள் நாங்கள். கேக் துண்டு வேலிக்கு மேலால் வந்து சேரும். அன்பில் நாங்கள் குறைந்தவர்கள் இல்லை. எழுதிவைக்கிற பழக்கம்தான் இல்லாமல் போனது. அவர்களில் பலரும் எங்களைப் போலவே கடல் கடந்துவிட்டார்கள். ஊரில் மிஞ்சியவர்களின் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழும் ஆங்கிலமும்தான்.

எங்கள் ஒழுங்கையில் உடுப்புத் தைக்கிற ஒரு பறங்கி ஆச்சி இருந்தா. பொத்தான்களை மடியில் கொட்டி, அந்தக் கிரியோல் மொழியிலேயே பத்து வரை எண்ணி எங்கள் கையில் தருவா. உங், தோஸ், த்ரேஸ். அதற்கு மேல் எனக்கு நினைவில்லை. வருகிற விடுமுறையில் பாலையூற்றுக்குப் போய், மிச்ச ஏழையும் சொல்லித் தர யாராவது இருக்கிறார்களா என்று வீடுவீடாய்க் கேட்கப்போகிறேன்.