பாஸ்வேர்டை அழிக்கும் முன்

"பாஸ்வேர்டு மறந்துபோச்சு, கண்டுபிடிச்சுக் குடுங்க" என்று கேட்டுத்தான் பெரும்பாலும் கம்ப்யூட்டரைக் கொண்டுவருகிறார்கள். கண்டுபிடித்துக் கொடுக்க உள்ளே பாஸ்வேர்டு என்று ஒன்று எழுதி வைக்கப்பட்டிருக்காது. நாம் வைக்கும் பாஸ்வேர்டை விண்டோஸ் ஒரு கணக்கில் போட்டு, வரும் விடையை மட்டும் சாம் என்கிற கோப்பில் வைத்துக்கொள்கிறது. ஹேஷ் என்பது அந்த விடைதான். ஒவ்வொரு முறை நாம் தட்டும்போதும் அதே கணக்கைப் போட்டு விடை பொருந்துகிறதா என்று பார்க்கிறது. விடையிலிருந்து பின்னோக்கி நடக்க வழி கிடையாது. ஊகித்து ஊகித்துப் போட்டுப் பார்க்கலாம், அவ்வளவே. எக்ஸ்பி காலத்தில் அந்த ஊகம் எளிதாக இருந்தது. அப்போதைய எல்எம் ஹேஷ், எழுத்துகளையெல்லாம் பெரிய எழுத்தாக்கி, பாஸ்வேர்டை ஏழேழாக இரண்டு துண்டு போட்டுவிடும். விஸ்டாவிலிருந்து அந்த முறையை இயல்பிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே எங்கள் தொழிலில் 'திறந்து கொடுப்பது' என்றால் அனேகமாகப் பழைய விடையை அழிப்பதுதான். அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்கிறேன். முதல் வேலை கீபோர்டைப் பார்ப்பது.

ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர் ஒருவர் லேப்டாப்போடு வந்தார். "நேத்து வரைக்கும் இதே பாஸ்வேர்டுதாண்ணே, இன்னைக்கு எடுக்க மாட்டேங்குது." இப்படிச் சொல்கிறவர் அனேகமாக மறந்திருக்க மாட்டார். கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கண் அடையாளத்தை அழுத்திப் பிடித்தால் தட்டிய எழுத்துகள் தெரியும். ஒவ்வொன்றாகத் தட்டச் சொல்லி, இடையிடையே அழுத்திப் பார்த்தேன். நடுவில் ஓர் எழுத்து விழவே இல்லை. அந்த விசை செத்திருந்தது. வெளியிலிருந்து ஒரு யுஎஸ்பி கீபோர்டைச் சொருகினேன். அவருடைய பாஸ்வேர்டே திறந்தது. வெளிக் கீபோர்டு கையில் இல்லையென்றால், அதே திரையின் மூலையில் இருக்கும் அணுகல் வசதிப் பட்டனுக்குள் திரைக் கீபோர்டு இருக்கிறது.

நம் ஊரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் தமிழ் 99 கீபோர்டைச் சேர்த்து வைத்திருப்பார்கள். லாகின் திரையிலும் மொழி மாறி நின்றுவிடுவதுண்டு. கட்டத்துக்குள் எல்லாம் புள்ளியாகத் தெரிவதால் ஆங்கிலம் விழுகிறதா தமிழ் விழுகிறதா என்று பிடிபடாது. கேப்ஸ் லாக்கை எல்லோரும் பார்க்கிறார்கள், நம் லாக்கை யாரும் பார்ப்பதில்லை. பாஸ்வேர்டில் எண் இருந்து, அதை வலப்பக்க எண் பட்டன்களில் தட்டுகிறவருக்கு நம் லாக் அணைந்திருந்தால் ஓர் எண்ணும் விழாது. இதையெல்லாம் பார்க்க ஐந்து நிமிடம் போதும். இதைப் பார்க்காமல் பென் டிரைவைச் சொருகுகிறவர்களை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பென் டிரைவ் சொருகும் வேலை ஒன்றும் பெரிய வித்தையில்லை. நார்வேக்காரரான பெட்டர் நோர்டால்-ஹேகன் 1997 முதல் எழுதி இலவசமாகக் கொடுத்த ஒரு சின்ன நிரல் உலகம் முழுக்க மெக்கானிக்குகளுக்குச் சோறு போட்டது. லினக்ஸில் பூட் செய்து, சாம் கோப்பைத் திறந்து, குறிப்பிட்ட பயனரின் பாஸ்வேர்டை வெறுமையாக்கிவிடும். விண்டோஸ் 8 முதல் வந்த மெஷின்களில் ஷிஃப்டை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாக டிஸ்க் அரைத் தூக்கத்தில் நிற்கும், எழுதவும் விடாது.

வெறுமையாக்கினால் எது போகும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். "எந்தக் கோப்பாவது பேர் பச்சைக் கலர்ல இருந்துச்சா சார்?" என்று பழைய மெஷின்களுக்குக் கட்டாயம் கேட்பேன். பச்சை என்றால் அது இஎஃப்எஸ் முறையில் குறியாக்கம் செய்த கோப்பு. அதன் சாவி பழைய பாஸ்வேர்டோடு பிணைந்தது. வெளியிலிருந்து பாஸ்வேர்டை அழித்தால் உள்ளே நுழையலாம், அந்தக் கோப்பு மட்டும் திறக்காது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் இதே வழியில் போகும். பழைய பாஸ்வேர்டு பிறகு நினைவுக்கு வந்து அதையே திரும்ப வைத்தால் இவை திறக்கும். அதனால், யோசிக்க இரண்டு நாள் கேட்கிறவர்களுக்கு நான் தாராளமாகக் கொடுக்கிறேன்.

பல நேரம் அழிக்கவே தேவையிருக்காது. கணவரை இழந்த ஓர் அம்மா, கணவரின் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். அவருக்கு வேண்டியது படங்கள். குறியாக்கம் இல்லாத டிஸ்க்கை லாகின் பாஸ்வேர்டு காப்பதில்லை. கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் எல்லாம் தெரியும். படங்கள் இருந்த ஃபோல்டரை மட்டும் நகலெடுத்துக் கொடுத்தேன். மற்ற எதையும் திறந்து பார்க்கவில்லை. "பாஸ்வேர்டு எடுத்துட்டீங்களாப்பா?" என்று கேட்டார். "அவர் வச்சது அப்படியே இருக்கும்மா" என்றேன். நிறையப் பேருக்கு அதுதான் தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன். தன்னுடையது என்று காட்ட பில்லோ, அலுவலகக் கடிதமோ இல்லாமல் வருகிறவர்களின் மெஷினைத் தொடுவதில்லை. இதில் எனக்கு வாடிக்கையாளர்கள் குறைந்தாலும் பரவாயில்லை.

இப்போது வரும் புது லேப்டாப்புகளில் இந்த வழிகளெல்லாம் அடைபட்டுவருகின்றன. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே பல மெஷின்களில் டிஸ்க் தானாகக் குறியாக்கமாகிவிடுகிறது. கழற்றி மாட்டினாலும் குப்பையாகத்தான் தெரியும். மீட்புச் சாவி, 48 இலக்கம், அந்தக் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு யாருடையது? வாங்கிய அன்று கடைப் பையனோ, அக்கா மகனோ தன் ஈமெயிலைப் போட்டுத் தொடங்கிக் கொடுத்திருப்பான். எத்தனையோ முறை நான் செய்த உண்மையான வேலை அந்தப் பையனைத் தேடி போன் போட்டதுதான்.

அந்த 48 இலக்கத்தை அமைத்தவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆறாறாக எட்டுத் தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும். எந்தத் தொகுதியும் 720885ஐத் தாண்டாது, ஆகவே எட்டிலோ ஒன்பதிலோ தொடங்கும் தொகுதி கிடையவே கிடையாது. உதாரணத்துக்கு 314160 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் 3, 4, 6 சேர்ந்து 13. 1, 1, 0 சேர்ந்து 2. வித்தியாசம் 11, தொகுதி சரி. ஒரே ஓர் இலக்கம் தவறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் இந்தக் கணக்கு இடிக்கும்.

மெஷினைத் திருப்பிக் கொடுக்கும் முன் அந்தச் சாவியை உரிமையாளர் கையாலேயே ஒரு தாளில் எழுதச் சொல்கிறேன். எழுதி முடித்ததும் தொகுதி தொகுதியாகக் கூட்டிப் பார்ப்போம். அனேகமாக எங்காவது ஓர் 1, 7 ஆகியிருக்கும். அதைத் திருத்தி, ரேஷன் கார்டு இருக்கும் கவரில் தாளை வைக்கச் சொல்லி அனுப்புகிறேன்.